யுங் எங்கள் ஊருக்கு வரவில்லை

எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. ஊருக்கு யார் யார் வந்து போனார்கள் என்று கணக்குச் சொல்வதில் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அலாதி பிரியம். எந்த ராஜா வந்தார், எந்த வெள்ளைக்காரர் மகரிஷி முன்னால் எத்தனை மணிநேரம் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார் என்றெல்லாம் டீக்கடை பெஞ்சில் சொல்வார்கள். எனக்கோ வராமல் போன ஒருவர் மேல்தான் கவனம். உளவியல் முதுகலை படிக்கும்போது அவரைப் பற்றித் தெரிந்தது. பெயர் கார்ல் யுங், ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர்.

1937 கடைசியில் யுங் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளி விழா. மூன்று பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டம் கொடுத்தன. நடுவில் வயிற்றுக்கடுப்பு வந்து கல்கத்தா மருத்துவமனையில் படுத்தார். தேறியபின் தெற்கே வந்தார். மெட்ராஸ் வந்தார், திருவனந்தபுரம் போனார், இலங்கை போனார். மெட்ராஸிலிருந்து எங்கள் ஊர் ஒன்றும் தொலைவில்லை. இருநூறு கிலோமீட்டர்கூட வராது. அன்றைக்கு ரமணர் உயிரோடு இருக்கிறார். யுங்கின் நெருங்கிய நண்பரான இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிஷ் சிம்மருக்கு ரமணர் என்றால் உயிர். இருந்தும் யுங் வரவில்லை.

மறந்து போய்விட்டார் என்றால் சரி என்று விட்டுவிடலாம். வேண்டுமென்றே வரவில்லை. சிம்மர் 1943ல் இறந்தார். ரமணர் பற்றி அவர் எழுதியதைப் புத்தகமாக்கி, 1944ல் அதற்கு முன்னுரை எழுதியபோது யுங்கே இதைச் சொல்கிறார். அவர் சொல்லும் காரணம் இதுதான்: ரமணர் தனி ஒருவர் அல்ல, என்றும் இருந்த, என்றும் இருக்கப்போகிற ஒரு வகை மனிதர். இந்தியா முழுக்க அவரை நான் பார்த்துவிட்டேன், தேடிப் போக அவசியமில்லை. அடுத்து ஒரு வரி. மறுபடி இந்தியா வந்தாலும் இதேபோலத்தான் நடக்கும், அவரைப் போய்ப் பார்க்க என்னால் முடியாது. முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது. மனிதர்களைப் பற்றிப் படிப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒருவர், பக்கத்தில் இருக்கும் மனிதரைப் போய்ப் பார்க்க மாட்டேன் என்கிறாரே!

இத்தனைக்கும் இதே யுங் 1907ல் ஜூரிச்சிலிருந்து வியன்னாவுக்கு ரயிலேறிப் போய், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டைப் பார்த்தவர். அன்று இருவரும் பதின்மூன்று மணிநேரம் இடைவெளி விடாமல் பேசினார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

திருவனந்தபுரத்தில் அவருக்கு இன்னொரு சந்திப்பு வாய்த்தது. அங்கே ரமணரின் சீடர் ஒருவரைப் பார்த்தார். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் அந்தஸ்தில் இருந்த எளிய மனிதர். பெரிய குடும்பம், அத்தனை பேருக்கும் சோறு போட வேண்டும். இந்த மனிதர் குருவின் ஞானத்தையும் உள்வாங்கினார், உலகத்தையும் 'உண்டு' செரித்தார், அந்த வகையில் குருவையே தாண்டிவிட்டார் என்று யுங் எழுதுகிறார். குருவைப் பார்க்காமலே சீடருக்கு முதல் மார்க் போட்டுவிட்டார். எங்கள் ஊர் டீக்கடையில் இதைச் சொன்னால் அடி விழும்.

இருபது வருஷம் கழித்து ஒருவர் இதற்கு நேர் எதிராக ஒரு பயணம் போனார். ரிச்சர்ட் எவன்ஸ் என்று ஹூஸ்டன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர். அமெரிக்காவின் முதல் கல்வித் தொலைக்காட்சி நிலையம் 1953ல் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. எவன்ஸ் அதில் பாடம் நடத்தியவர், கேமராவுக்குப் பழகியவர். பாடப்புத்தகத்தில் பெயர்களாக மட்டும் இருக்கும் ஆட்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், வயதும் ஏறிக்கொண்டே போகிறது, போய்ப் பேசிப் படம் பிடித்து வைத்தால் என்ன என்று நினைத்தார். யுங்குக்குக் கடிதம் போட்டார். ஒப்புதல் வந்தது. 1957 ஆகஸ்ட் மாதம் நான்கு நாட்கள் ஜூரிச்சின் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தில் வைத்துப் பேட்டி எடுத்தார். யுங்குக்கு அப்போது 82 வயது. மனைவி எம்மா இறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

அந்தப் பதிவுகளை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எவன்ஸ் பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரித்தவர் மாதிரி கேட்கிறார். கேள்வியே ஒரு பத்தி நீளம் போகும். ஃப்ராய்ட் இப்படிச் சொன்னார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? இந்தக் கலைச்சொல்லுக்கு என்ன பொருள், அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? யுங் முதலில் பொறுமையாகப் பாடம் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் சூடு பிடித்துக்கொள்கிறது. அகமுகர் (இன்ட்ரோவர்ட்), புறமுகர் (எக்ஸ்ட்ரோவர்ட்) என்று மனிதர்களைப் பிரித்ததே அவர்தான். அதைக் கேட்டதும், முழுக்க முழுக்க புறமுகர் என்று யாரும் இல்லை, அப்படி ஒருவன் இருந்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில்தான் இருப்பான் என்று போடுகிறார் ஒரு போடு. இன்று அலுவலகங்களில் நான்கு எழுத்தில் ஆளுமையைச் சொல்லும் பரிசோதனை வைத்து நம்மைப் பெட்டி பெட்டியாக அடுக்குகிறார்களே, அவர்கள் முன்னால் இந்த இடத்தை மட்டும் ஓட்டிக் காட்ட ஆசை. (நான் மனிதவளத் துறையில் வேலை பார்க்கிறேன். அந்தப் பரிசோதனையை நானே ஐம்பது பேருக்காவது வைத்திருப்பேன்.)

எவன்ஸ் அதோடு நிற்கவில்லை. அதே சமயத்தில் ஃப்ராய்டின் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸையும் பிடித்துவிட்டார். ஜோன்ஸ் 1958 பிப்ரவரியில் இறந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கிடைத்திருக்காது. அப்புறம் வருஷக்கணக்காக எரிக் ஃப்ராம், எரிக்சன், ஸ்கின்னர், ஆல்போர்ட், பியாஜே, ரோஜர்ஸ், பண்டுரா என்று பட்டியல் நீண்டது. அவருடைய சொந்த ஆராய்ச்சியெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் புகைப்பழக்கத்துக்குப் போகாமல் தடுப்பது எப்படி என்பதைப் பற்றியது, அதுவும் முக்கியமானதுதான். ஆனால் இன்று அவர் பெயரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பேட்டிகளுக்காகத்தான் தேடுகிறார்கள்.

யுங்குக்கு 1959ல் இன்னொரு பேட்டி நடந்தது. பிபிசிக்காக ஜான் ஃப்ரீமன் அவர் வீட்டுக்கே போய் எடுத்தது. 'இப்போது கடவுளை நம்புகிறீர்களா?' என்று ஃப்ரீமன் கேட்க, யுங் கொஞ்சம் நிறுத்தி, 'எனக்குத் தெரியும், நம்பத் தேவையில்லை' என்ற பொருளில் பதில் சொன்னார். அந்த ஒரு வரி அவரைப் பின்தொடர்ந்துகொண்டே இருந்தது, விளக்கம் கொடுத்துக் கடிதம் எழுத வேண்டி வந்தது. பேட்டியைப் பார்த்த ஒரு பதிப்பாளர், சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி இவர் ஒரு புத்தகம் எழுதினால் என்ன என்று ஃப்ரீமனைத் தூது விட்டார். யுங் மறுத்துவிட்டார். பிறகு பேட்டியைப் பார்த்தவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. ஒருநாள் கனவில், பெரிய டாக்டர்களிடம் பேசுவதற்குப் பதிலாகப் பொது இடத்தில் நின்று கூட்டத்திடம் பேசுகிறார், அவர்களுக்கும் புரிகிறது. கனவு வந்தபின் ஒப்புக்கொண்டார். அந்தப் புத்தகத்தில் தன் பங்கை முடித்துவிட்டு, 1961 ஜூனில் இறந்தார்.

யுங் என்றால் காரணம் கனவாகத்தான் இருக்க வேண்டும் இல்லையா? அங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. இவர்கள் வாழ்க்கைக் கதையை இவர்களே சொல்லும்போது, அது ஏன் எப்போதும் இவர்களுடைய கொள்கைக்குத் தோதாக வந்து உட்கார்கிறது?

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரை எடுத்துக்கொள்ளுங்கள். மனசு கினசு என்றெல்லாம் பேசாதே, சூழலைப் பார், பரிசு எப்போது கிடைக்கிறது என்று பார் என்றவர். தன் ஆராய்ச்சி வளர்ந்த கதையை 1956ல் எழுதினார். எலிக்குத் தீனி போடும் கருவி ஒருநாள் மக்கர் பண்ணியது, பரிசு நின்றால் பழக்கம் எப்படித் தேய்கிறது என்ற வரைபடம் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பார்த்தால் தீனி உருண்டை தீர்ந்துகொண்டிருக்கிறது. அந்த உருண்டைகளை அவரே உருட்ட வேண்டும். வார விடுமுறை முழுக்க உருண்டை பிடித்துக்கொண்டு உட்காரவா என்று யோசித்தவர், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஏன் போட வேண்டும், எப்போதாவது போட்டால் என்ன என்று மாற்றிப் பார்த்தார். விட்டு விட்டுக் கிடைக்கும் பரிசுதான் பிராணியை விடாமல் பிடித்து வைக்கிறது என்ற பெரிய கண்டுபிடிப்பின் தொடக்கம் அது. நம் கைபேசி நம்மைப் பிடித்து வைத்திருப்பதும் அதே கயிற்றால்தான். ஆக, கதையின் நாயகன் ஸ்கின்னர் இல்லை. கருவியும் சனிக்கிழமையும்தான். அவர் கொள்கையும் அதுதான்.

அவர் வீட்டுக்குப் போனவர்கள் சொல்வது இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில், வீட்டின் நிலவறையில் படிப்பறை. மஞ்சள் நிற பிளாஸ்டிக் பெட்டி போல ஒரு ஜப்பானியப் படுக்கை, அதில்தான் தூக்கம். மணி அடித்தால் எழுந்து மேஜையில் உட்கார வேண்டும், மறுபடி அடித்தால் நிறுத்த வேண்டும். எத்தனை மணிநேரம் எழுதினோம் என்று எலிகளுக்குப் போட்ட மாதிரியே தனக்கும் ஒரு வரைபடம். இதைப் பேட்டியில் கேள்வி கேட்டு வாங்க முடியாது, போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேவின் வீட்டுக்கு ழான்-க்ளோட் ப்ரிங்கியே என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காரர் 1969லும், சில வருஷம் கழித்து மறுபடியும் போனார். அறை முழுக்கக் காகிதம், கால் வைக்க இடமில்லை. கேட்டால் பியாஜே தத்துவஞானி பெர்க்சனைத் துணைக்கு இழுக்கிறார். ஒழுங்கின்மை என்று ஒன்று கிடையாது, வடிவியல் ஒழுங்கு, உயிரின் ஒழுங்கு என்று இரண்டுதான் உண்டு, என்னுடையது இரண்டாவது வகை என்கிறார். என் மனைவியிடம் இந்த வாதத்தை ஒருமுறை எடுத்து விட்டேன். செல்லவில்லை.

பியாஜே சொன்ன கதைகளிலேயே எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அவர் குழந்தையாக இருந்தபோது நடந்த கடத்தல் முயற்சி. இரண்டு வயது. பாரிஸில் ஷான்ஸ் எலிசே சாலை. தாதி தள்ளுவண்டியில் வைத்து அழைத்துப் போகிறாள். ஒருவன் குழந்தையைப் பறிக்கப் பார்க்கிறான். வார்ப்பட்டை குழந்தையைப் பிடித்து வைத்திருக்கிறது, தாதி குறுக்கே நின்று போராடுகிறாள், அவள் முகத்தில் கீறல்கள். கூட்டம் கூடுகிறது, குட்டை அங்கியும் வெள்ளைத் தடியுமாகப் போலீஸ்காரர் வருகிறார், அவன் ஓடுகிறான். அந்தக் கீறல்கள்கூட இன்னும் கண்ணில் நிற்கின்றன என்கிறார் பியாஜே. அவருக்குப் பதினைந்து வயது ஆனபோது அந்தத் தாதியிடமிருந்து பெற்றோருக்குக் கடிதம் வந்தது. சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பில் சேர்ந்த பிறகு மனசாட்சி உறுத்தியிருக்கிறது. கடத்தல் எதுவும் நடக்கவில்லை, கீறல்களை நானே போட்டுக்கொண்டேன் என்று எழுதி, அன்று வெகுமதியாகக் கொடுத்த கடிகாரத்தையும் திருப்பி அனுப்பிவிட்டாள். அப்பா அம்மா சொல்லக் கேட்டது குழந்தை மனதில் படமாகிவிட்டது. பொய் என்று தெரிந்தபின்னும் அந்தப் படம் அழியவில்லை.

குழந்தைகளின் மனம் எப்படி வளர்கிறது என்பதற்கு ஆயுளைக் கொடுத்த மனிதரின் முதல் ஞாபகங்களில் ஒன்றே இட்டுக்கட்டியது. இப்படிப்பட்டவர்களிடம் போய், 'ஐயா, நீங்கள் எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள்?' என்று கேட்டு, சொல்வதை அப்படியே குறித்துக்கொண்டு வருகிறோம்.

உளவியலாளர் டேனியல் கானமனுக்கு இந்தக் கூச்சம் இருந்தது. 2002ல் நோபல் வாங்கியபோது எழுதிய தன்வரலாற்றில், சின்ன வயதில் காதில் விழுந்த ஊர்வம்பால் உளவியலுக்கு வந்தேனா, அல்லது உளவியலாளனாக ஆகப்போகிறவன் என்பதால்தான் வம்பு பிடித்ததா, எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை என்கிறார். ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் நடந்ததையும் அங்கேதான் சொல்கிறார். யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும், மாலை ஆறுக்கு மேல் வெளியே வரக் கூடாது. ஏழு வயதுப் பையன் நண்பன் வீட்டில் விளையாடி நேரமாகிவிட்டது. ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு நடக்கிறான். எதிரே கறுப்புச் சீருடையில், நாஜிகளின் எஸ்எஸ் படைச் சிப்பாய். கூப்பிட்டு, தூக்கி, கட்டிப்பிடித்துக்கொள்கிறான். உள்ளே இருக்கும் நட்சத்திரம் தெரிந்துவிடுமோ என்று பையனுக்கு நடுக்கம். சிப்பாய் தன் பையிலிருந்து ஒரு சிறுவனின் படத்தை எடுத்துக் காட்டி, கையில் காசு கொடுத்து அனுப்பிவிடுகிறான். மனிதர்கள் முடிவில்லாமல் சிக்கலானவர்கள், சுவாரஸ்யமானவர்கள் என்று அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போனாராம். ஏழு வயதில் அப்படி நினைத்திருப்பாரா? எழுபது வயதை நெருங்கும்போது நினைத்திருப்பார். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதைக் கானமன் நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

என் விருப்பம் பண்டுராதான். இவரும் உளவியலாளர், கனடாவின் ஆல்பர்ட்டாவில் மண்டேர் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். எப்படி உளவியல் என்றால், கார் என்பார். கல்லூரிக்கு அவரைக் காரில் சேர்த்துக்கொண்டு போன மாணவர்கள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் படித்தவர்கள், விடியற்காலையே கிளம்பிவிடுவார்கள். அந்நேரத்துக்கு எந்த வகுப்பு இருக்கிறதோ அதில் உட்காரலாம் என்று பார்த்தார். உளவியல் இருந்தது. மனைவியைச் சந்தித்ததும் அப்படியே. கோல்ஃப் ஆடப் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது, பின்னால் ஒரு நேரத்துக்குத் தள்ளிவிட்டார்கள், முன்னால் இரண்டு பெண்கள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தார்கள், மணல் குழியில் பேச்சு ஆரம்பித்தது. இந்த மாதிரித் தற்செயல்கள்தான் வாழ்க்கையைத் திருப்புகின்றன, உளவியல் இதைக் கண்டுகொள்வதில்லை என்று 1982ல் ஒரு கட்டுரையே எழுதினார். அந்தப் பொருளில் அவர் பேசிய ஒரு கூட்டத்துக்கு வந்த பதிப்பாசிரியர் ஒருவர், அரங்கம் நிரம்பிக்கொண்டிருந்ததால் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணைச் சில மாதங்கள் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டார்.

இதுவும் அவர் கொள்கைக்குத் தோதான கதைதான். என்றாலும் இதில் பெருமை கொஞ்சமும் இல்லை, அதனால் நம்பத் தோன்றுகிறது.

இவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்து, நான்கைந்து வருஷமாக ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியர்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்கிறேன். பெரிய பெயர்கள் இல்லை. சோதனைக்கூடத்தில் உடைந்த கருவிகளைக் கட்டி வைத்துப் பாடம் நடத்தியவர்கள். இப்படிப்பட்ட வேலைக்கென்று ஒரு முறை இருக்கிறது. போவதற்கு முன் அவர் எழுதியதையெல்லாம் படித்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. ஏன் என்றால் உடனே கொள்கை வந்துவிடும். அன்றைக்கு என்ன வேலை, யாரோடு சாப்பிட்டீர்கள், பஸ்ஸா சைக்கிளா என்று கேட்க வேண்டும். கடைசியில் எழுத்தில் போட்டு அவருக்கே அனுப்பித் திருத்தச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் வயிற்றெரிச்சல். பேச்சில் வந்த நல்ல நல்ல இடங்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு பேராசிரியர். வயது 84. கூடத்தில் உட்கார வைத்து, காபி கொடுத்து, துறைக்கு வந்த கதையைச் சொன்னார். பியூசி முடித்திருந்த சமயம், ஊர் நூலகத்தில் ஒரு சொற்பொழிவு, கனவுகளைப் பற்றி யாரோ பேசினார்கள், அன்று இரவு தூங்கவே இல்லை, விடிந்ததும் உளவியல் என்று முடிவெடுத்துவிட்டேன் என்றார். அழகாகச் சொன்னார். எத்தனையோ மேடையில் சொல்லிப் பழகிய கதை என்பது தெரிந்தது.

சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க, அப்படியா நடந்துச்சு? உங்களுக்கு பிசிக்ஸ்ல சீட்டு கிடைக்கலைன்னு எங்க அப்பாகிட்ட சொன்னீங்களே."

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பேராசிரியர் சிரித்துவிட்டார். "தம்பி, ரெண்டையும் போட்டுக்குங்க."

"எது சரிங்க ஐயா?"

"ரெண்டும் ஞாபகம் இருக்கு. அதுக்கு மேல என்னைக் கேட்காதீங்க. நான் முப்பது வருஷம் ஞாபகத்தைப் பத்திப் பாடம் எடுத்தவன்."

மூன்று வருஷம் முன்பு அலுவலக வேலையாக ஜூரிச் போனேன். ஒரு மத்தியானம் ஓய்வு கிடைத்தது. ஏரிக்கரை ஓரமாகப் போகும் உள்ளூர் ரயிலில் ஏறி க்யூஸ்நாக்ட் போனேன். ஜெஸ்ட்ராஸே 228. 1909ல் குடியேறிய நாள் முதல் யுங் சாகும்வரை இருந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். அவர் எங்கள் ஊருக்கு வராவிட்டால் என்ன, நான் அவர் ஊருக்குப் போகிறேன் என்ற வீறாப்பு. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போக வேண்டும் என்பதை நான் பார்க்கவில்லை. போன நாளில் திறப்பும் இல்லை. வாசலுக்கு மேல் லத்தீனில், அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் கடவுள் வருவார் என்று பொறித்திருக்கும். சாலையில் நான் நின்ற இடத்திலிருந்து அதைப் படிக்க முடியவில்லை. வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றுவிட்டு, ஸ்டேஷனுக்குத் திரும்பி, சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டேன். ரமணரைப் போய்ப் பார்க்க என்னால் முடியாது என்று அவர் எழுதியது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. கோபம் முன்போல வரவில்லை. சாண்ட்விச் பதினோரு ஃப்ராங்க் என்பதில்தான் கோபம் வந்தது.

கோயம்புத்தூர் பேட்டியை எழுத்தில் போட்டு அனுப்பியிருந்தேன். இரண்டு மாதம் கழித்துத் தபாலில் திரும்பி வந்தது. எதிர்பார்த்தபடி நிறைய இடங்களில் சிவப்பு மை. நூலகச் சொற்பொழிவு இருந்த பத்தியை அவர் தொடவில்லை. மனைவி பேசிய வரியையும் அடிக்கவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும், வேறு கையெழுத்தில், நீல மையில் ஒரு திருத்தம் இருந்தது:

'பிசிக்ஸ் இல்லை, கெமிஸ்ட்ரி.'